டிரம்மை எடுத்து டிஸ்க் போட்ட பிறகு பிரேக் சரியில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

"அண்ணா, டிஸ்க் போட்டாச்சு. ஆனா பிரேக் முன்னால இருந்ததைவிட மோசமா இருக்கு."

பெங்களூர் அல்சூரில் எங்கள் ஷெட்டுக்கு வரும் பழைய அம்பாசடர், பத்மினிக்காரர்கள் பலர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். என்னுடைய 1978 மார்க் 3 அம்பாசடரில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் ஏற்றியபோது நானும் இதே இடத்தில்தான் நின்றேன். அதன் பிறகு ஒரே மாதிரிக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது. குற்றம் பெரும்பாலும் புதிதாக வந்த டிஸ்க்கில் இருப்பதில்லை, டிரம் காலத்திலிருந்து அப்படியே விட்டுவைத்த பாகங்களில் இருக்கிறது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், பின் டிரம்மின் அட்ஜஸ்ட்மெண்ட், பைப் நட்டு. இந்த நாலையும் பார்க்காமல், டிஸ்க்கை பேட்களால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையே கழற்றிக் கழற்றி மாட்டுகிறவர்களுக்குப் பணமும் போகிறது, ஞாயிற்றுக்கிழமையும் போகிறது.

பின்னாளைய அம்பாசடர்களில் கம்பெனியே முன்பக்கம் டிஸ்க் போட்டுவிட்டது என்பதால், அந்த செட்டைத் தேடிப் பிடித்து ஜே.சி. ரோட்டிலோ கலாசிபாளையத்திலோ வாங்கி ஏற்றுவது ஒரு வழி. வேறு வண்டியின் காலிப்பரை அடாப்டர் பிளேட் வெட்டி மாட்டுவது இன்னொரு வழி. எந்த வழியில் போயிருந்தாலும், முன்னால் டிஸ்க், பின்னால் பழைய டிரம் என்று இருந்தால் கீழே உள்ளது பொருந்தும்.

கை வைப்பதற்கு முன் இரண்டு விஷயம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், செங்கல்லும் வேண்டாம், ஸ்டாண்ட் வைத்து மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பழைய டிரம்மில் படிந்திருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள்.

அறிகுறி 1: பெடல் ஆழமாகப் போகிறது

வண்டியை நிறுத்தி வைத்து, பெடலை நாலு தடவை வேகமாக அடித்துவிட்டு அப்படியே அழுத்திப் பிடியுங்கள். பெடல் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

அடித்ததும் மேலே வந்து கெட்டியாக நிற்கிறதா?

பின் டிரம்மைப் பாருங்கள். முன்பக்கம் புது டிஸ்க் போட்ட உற்சாகத்தில் பின்பக்கத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி அதிகமானால், பெடலின் பாதிப் பயணம் அந்த இடைவெளியை மூடுவதிலேயே தீர்ந்துவிடும். உறுதி செய்ய ஒரு சின்ன சோதனை இருக்கிறது: ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு பெடலை அழுத்துங்கள். முன்பைவிட உயரத்திலேயே பெடல் நின்றால் பின் ஷூதான் காரணம். ஹேண்ட்பிரேக்கை முழுதாக விட்டுவிட்டு, சக்கரம் பிடிக்கும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, பிறகு தடையில்லாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. செலவு ஒரு பைசா கிடையாது.

பஞ்சை அழுத்துவது போல இருக்கிறதா?

உள்ளே காற்று இருக்கிறது. இதில்தான் என் வண்டியில் இரண்டு நாள் போனது. மூன்று பாட்டில் பிரேக் ஆயில் ஊற்றி, நிப்பிள் என்ற சின்ன வாயைத் திறந்து ஏர் எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருந்தது. பெடலில் என் மாமா உட்கார்ந்திருந்தார், நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தேன். "அழுத்துங்க மாமா, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் அவர் இறங்கி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, இந்த நிப்பிள் ஏன் கீழே பார்க்குது?" என்றார். இடது காலிப்பரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருந்தேன். போல்ட் எல்லாம் அச்சாகப் பொருந்தும், பார்வைக்கும் ஒரு தப்பும் தெரியாது. ஆனால் காற்று எப்போதும் மேலே போய்த்தான் உட்காரும், கீழே இருக்கும் நிப்பிள் வழியாக அது வரவே வராது. அதனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன் இரண்டு காலிப்பரிலும் பிளீடர் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வண்டியின் காலிப்பரை அடாப்டரில் மாட்டி, நிப்பிள் சாய்ந்து நிற்கிறது என்றால், காலிப்பரை போல்ட்டிலிருந்து கழற்றி, பேட்களுக்கு நடுவில் டிஸ்க் கனத்துக்கு ஒரு மரக்கட்டை கொடுத்து, நிப்பிள் உச்சியில் வருமாறு பிடித்துக்கொண்டு ஏர் எடுங்கள்.

வரிசை பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்துச் சக்கரம் முதலில்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். பிரேக் ஆயில் டாங்கியில் ஆயில் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், இறங்கினால் காற்று உள்ளே போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிடித்திருக்கும்போதே மெதுவாக இறங்குகிறதா?

எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடுகிறது. நாலு சக்கரத்தின் உள்பக்கம், பைப் இணைப்புகள், பெடலுக்குப் பின்னால் மாஸ்டர் சிலிண்டரின் வாய், எல்லாம் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். எங்கேயும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர்தான். உள்ளே இருக்கும் ரப்பர்களை மட்டும் கிட்டாக வாங்கி மாற்றலாம், ஆனால் உள்சுவரில் கோடோ துருக்குழியோ தெரிந்தால் கிட் நிற்காது, முழுதாக மாற்றிவிடுங்கள்.

மூன்றும் சரி, இன்னும் பெடல் ஆழமாகவே இருக்கிறதா?

அப்படியென்றால் டிரம்முக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டர் காலிப்பருக்குப் போதவில்லை. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன், டிரம்மில் ஷூவைத் தள்ளும் 22 மி.மீ. வீல் சிலிண்டர் இருந்த இடத்தில் 48 மி.மீ. காலிப்பர் பிஸ்டன் வந்தால் பரப்பு ஏறக்குறைய 5 மடங்கு. பேட் நகரும் தூரம் குறைவுதான் என்றாலும், தேவைப்படும் ஆயில் கூடுகிறது, பழைய சின்ன டாங்கியும் போதாது. இங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எப்படியும் மாற்றுகிறோம் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி இருக்கும் டாண்டம் மாஸ்டர் சிலிண்டருக்கே போய்விடுங்கள். பழைய ஒற்றை வழி சிலிண்டரில் ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போய்விடும், ஹேண்ட்பிரேக் மட்டும்தான் மிச்சம். டாண்டமை பாடியில் பிராக்கெட் வைத்துப் பிடிக்க வேண்டும், பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் புஷ்ராட் நேராக நிற்க வேண்டும், பைப் புதிதாக வளைக்க வேண்டும். வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலை இல்லை.

அறிகுறி 2: பெடல் கல்லாக இருக்கிறது, வண்டி நிற்க மறுக்கிறது

முதலில் மனதில் வையுங்கள், சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுப்பதால், ஷூ தானே இன்னும் இறுகிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. காலால் கொடுப்பதுதான் கிடைக்கும். அதனால் கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் போட்டால் பெடல் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும்.

பேட் புதிதா? படியவைத்தீர்களா? ஆளில்லாத ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை நிதானமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம், கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு மறுபடியும், இப்படிப் பத்துத் தடவை. பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும். புது டிஸ்க் துருப்பிடிக்காமலிருக்க மேலே எண்ணெய் பூசித்தான் வரும், அதைத் துடைக்காமல் மாட்டியிருந்தால் பேட் அதைக் குடித்துவிடும், அந்த பேட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் காயவைத்து மாட்டுவது பலன் தராது. பிரேக் கிளீனரால் டிஸ்க்கைத் துடைத்துப் புது பேட் போடுங்கள்.

பூஸ்டர் இருக்கிறதா? இன்ஜினை நிறுத்தி பெடலை ஐந்து தடவை அடியுங்கள், பிறகு அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் வாக்குவம் ஹோஸ் வெடித்திருக்கிறதா, ஒருவழி வால்வு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் அம்பாசடரில் பூஸ்டரை இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று வருகிறார்கள். டீசல் இன்ஜினில் அங்கே போதுமான வாக்குவமே இருக்காது, தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கல்லாக இருந்தால், மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும், இல்லையென்றால் பெடலின் நெம்புவிகிதம் போதாது. பூஸ்டர் இல்லாத வண்டிக்குச் சுமார் 6க்கு 1, இருக்கும் வண்டிக்கு 4க்கு 1 என்பது வழக்கம். பெடலை வெட்டி வெல்டு வைத்து விகிதத்தை மாற்ற நீங்களாக முயலாதீர்கள். அந்த வெல்டு விடும் நாள் எதுவென்று யாருக்கும் தெரியாது.

அறிகுறி 3: விட்ட பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது

சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து வந்தால் இது தெரிந்துவிடும். வண்டி தானாக உருளாது, ஒரு காந்தல் வாசனை வரும், கையை ரிம்முக்கு அருகில் கொண்டு போனாலே அனல் அடிக்கும். கிளட்ச் என்று நினைத்து கிளட்சை இறக்கியவரையும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கோளாறுக்கு ஒரு அருமையான சோதனை இருக்கிறது, ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். வண்டி ஆறட்டும், பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, பெடலைப் பலதடவை அடித்துப் பிடிக்க வையுங்கள். சக்கரம் பிடித்த நிலையில் காலிப்பரின் நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் சுற்றவில்லையா?

காலிப்பரே இறுகியிருக்கிறது. நகரும் காலிப்பர் என்றால் அதன் ஸ்லைடு பின்களை உருவிப் பாருங்கள், காய்ந்துபோயிருந்தால் சுத்தம் செய்து பிரேக்குக்கென்றே வரும் கிரீஸ் தடவுங்கள், சாதாரண வீல் கிரீஸ் அங்கே இருக்கும் ரப்பரை ஊதவைத்துவிடும். ஸ்லைடு பின்கள் நன்றாக இருந்தால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. பழைய சாமான் கடையில் வாங்கிய காலிப்பரில் இது சாதாரணம், பிரித்து சீல் மாற்றாமல் மாட்டவே கூடாது.

நிப்பிளிலிருந்து ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டதா?

அழுத்தம் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. நிப்பிளை மூடி, மறுபடி பெடலை அடித்துப் பிடிக்க வைத்து, இப்போது மாஸ்டர் சிலிண்டரில் பைப் நட்டைத் தளர்த்துங்கள், கீழே துணி வையுங்கள், பிரேக் ஆயில் வண்டியின் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லையென்றால் நடுவில் இருக்கும் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். காலால் அழுத்தும்போது ஆயில் போகும், திரும்பி வர வழி இருக்காது. டிரம் காலத்து ஹோஸை மிச்சப்படுத்தியவர்களுக்கு வரும் கோளாறு இது, ஜோடியாக மாற்றுங்கள்.

அங்கே தளர்த்தியதும் விட்டுவிட்டதா, அப்போது மாஸ்டர் சிலிண்டர். முதலில் புஷ்ராட்டைப் பாருங்கள். பெடலைக் கையால் தொட்டால், புஷ்ராட் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் 1 மி.மீ. அளவுக்காவது சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால், பெடலை விட்டதும் ஆயில் டாங்கிக்குத் திரும்பும் அந்தச் சின்ன ஓட்டை மூடியே இருக்கும். ஓட்ட ஓட்ட ஆயில் சூடாகி விரியும், போக இடமில்லாமல் பேட்டைத் தள்ளும். கிளம்பும்போது நன்றாக இருந்து பத்து கிலோமீட்டரில் பிடிக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். பூஸ்டர் வைத்திருந்தால் அதற்குள் இருக்கும் தண்டின் நீளத்தையும் இதே போலப் பார்க்க வேண்டும்.

ஆட்டம் சரி என்றால் கடைசிச் சந்தேகம் ரெசிடுவல் வால்வு. டிரம்முக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களில், பைப் கிளம்பும் வாயிலேயே இது இருக்கும், லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது, அதனால் தொல்லையில்லை. காலிப்பரில் ஸ்பிரிங் கிடையாது, சீல்தான் பிஸ்டனை மயிரளவு பின்னுக்கு இழுக்கிறது, அந்த 10 பி.எஸ்.ஐ.யை அதனால் வெல்ல முடியாது. முன்பக்க வழியில் இந்த வால்வு இருக்கக் கூடாது. ஒற்றை வழி சிலிண்டரில் அதை எடுத்தால் பின் டிரம்முக்கும் போய்விடும், அதற்குப் பின் லைனில் தனியாக ஒன்று போட வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் ஆயில் திரும்பி இறங்காமலிருக்க முன்பக்கத்துக்கும் 2 பி.எஸ்.ஐ. வால்வு போடுவார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் சக்கரம் பிடித்துக்கொள்ளும். இந்த வால்வு வேலையை அனுபவமுள்ள பிரேக் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அறிகுறி 4: பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் டயர் காற்று. பிறகு இழுக்காத பக்கத்து பேட்டைப் பாருங்கள்: வண்டி இடதுபக்கம் இழுத்தால் வலது பக்கம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கிரீஸ் பட்டிருக்கலாம், ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம், அந்தப் பக்க ஹோஸ் அடைத்திருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி பேட்தானா என்றும் பாருங்கள். ஒன்றும் அகப்படவில்லையென்றால் கீழே சஸ்பென்ஷன் புஷ். பழைய டிரம் மெதுவாகப் பிடித்தவரை தேய்ந்த புஷ் தாக்குப்பிடித்திருக்கும், டிஸ்க்கின் பிடி வந்ததும் முன்னச்சே நகர்கிறது. இதற்கு சஸ்பென்ஷன் தெரிந்தவரும் அலைன்மெண்டும் வேண்டும்.

அறிகுறி 5: பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிறது

இந்தப் பட்டியலில் என்னைப் பயமுறுத்துவது இதுதான். முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராகச் சறுக்கும், பின்சக்கரம் பூட்டினால் வால் சுழன்று முன்னால் வந்துவிடும். மழையில் எம்.ஜி. ரோட்டில் ஒரு பத்மினி அப்படித் திரும்பி நின்றதை நேரில் பார்த்தேன், நல்லவேளையாகப் பக்கத்தில் பைக் எதுவும் இல்லை.

எளிய காரணம், முன் பேட் இன்னும் படியவில்லை, அல்லது பின் ஷூவை இறுக்கமாக அட்ஜஸ்ட் செய்துவிட்டீர்கள். பின் டிரம்முக்குள் ஆக்சில் ஆயில் கசிந்தாலும் ஷூ ஒட்டிப் பூட்டும். டாண்டம் போட்டிருந்தால் முன் பின் பைப்பை மாற்றிக் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இதெல்லாம் இல்லையென்றால் பின் லைனில் போகும் அழுத்தத்தைக் குறைக்க, அளவைத் திருகி வைக்கும் புரபோர்ஷனிங் வால்வு வேண்டும். அதை வைத்து, காலி மைதானத்தில், முன்சக்கரம் முதலில் பூட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய வேண்டும். இதைத் தனியாகச் செய்யாதீர்கள். அது முடியும்வரை மழையில் வண்டியை எடுக்கவும் எடுக்காதீர்கள்.

அறிகுறி 6: ஸ்டீயரிங் உதறுகிறது, சத்தம் வருகிறது

உதறினால் டிஸ்க் நெளிந்துவிட்டது என்று உடனே லேத்துக்கு ஓட வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தைப் பாருங்கள், ஒரு துருப்பொருக்கு நடுவில் இருந்தாலே போதும். பொருக்கைத் தேய்த்து எடுத்து, வீல் பேரிங் ஆட்டத்தைச் சரிசெய்து, வீல் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக ஒரே அளவில் இறுக்குங்கள். அதற்கும் போகவில்லையென்றால் டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள், 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் டிஸ்க் வேலை.

கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் பேட்டின் முதுகில் வைக்கும் மெல்லிய தகடு, அதாவது ஷிம், இல்லாததால். சுற்றும்போது டிக் டிக்கென்று உரசினால் காலிப்பர் ரிம்மில் இடிக்கிறது, சில சமயம் வீல் பேலன்ஸ் எடைதான் இடிக்கும். ரிம்மின் உள்பக்கம் மாவு தடவிச் சுற்றிப் பார்த்தால் இடிக்கும் இடம் தெரியும். அடாப்டர் பிளேட்டுப் பக்கத்திலிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தால் மட்டும் அதோடு ஓட்டாதீர்கள், பிளேட்டில் விரிசலோ தளர்ந்த போல்ட்டோ இருக்கும். அங்கே 8.8 என்று தலையில் குறித்த போல்ட்டுக்குக் குறைந்தது எதுவும் இருக்கக் கூடாது.

அறிகுறி 7: இறக்கத்தில் பிரேக் மறைந்துபோகிறது

நந்தி ஹில்ஸ் ஏறும்போது எல்லாம் நன்றாக இருக்கும். இறங்கும்போது நாலாவது ஐந்தாவது வளைவில் பெடல் பஞ்சாகி உள்ளே போகும். ஆறியதும் தானாகச் சரியாகிவிடும், அதனால் மெக்கானிக்கிடம் காட்டும்போது ஒன்றும் இருக்காது. இது ஆயில் கொதித்து ஆவியாவது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. டிஸ்க்குக்கு டாட் 4 போடுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள், திறந்து வைத்த பழைய பாட்டிலை ஊற்றாதீர்கள். பெயரைப் பார்த்து டாட் 5 வாங்கிவிடாதீர்கள், அது சிலிக்கான், இதோடு கலக்காது. பெடல் கல்லாகவே இருந்து வண்டி மட்டும் நிற்கவில்லையென்றால் சூடானது பேட், அதன் தரம் போதவில்லை. இரண்டுக்கும் முதல் மருந்து, ஏறிய கியரிலேயே இறங்குவது.

அறிகுறி 8: ஆயில் குறைந்துகொண்டே வருகிறது

பேட் தேய்ந்தாலும் கொஞ்சம் குறையும். ஈரம் தெரிந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

காலிப்பரில் ஹோஸ் சேரும் இடத்தில் செம்பு வாஷர் ஒருமுறைதான் உதவும், கழற்றினால் புதிது போடுங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் மரையைப் பாருங்கள். பழைய அம்பாசடர் பைப் நட்டு அங்குலக் கணக்கில் 3/8 அங்குல யு.என்.எஃப். மரை, புதுக் காலிப்பர்கள் பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கில் எம்10 மரை. ஒன்று 9.525 மி.மீ., மற்றது 10 மி.மீ. மரை நெருக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பழைய நட்டு புது ஓட்டைக்குள் வெண்ணெயாகப் போகும், கொஞ்சம் இறுகுவது போலவும் இருக்கும். போன வருடம் ஒரு வண்டியில் அந்த நட்டைக் கழற்றி விரலில் உருட்டிப் பார்த்தேன், மரையின் உச்சி மட்டும் வெள்ளையாகத் தேய்ந்து, பள்ளத்தில் பழைய கறுப்பு அப்படியே இருந்தது. நுனி மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வண்டியில் குழந்தைகளோடு ஓசூர் வரை போய் வந்திருக்கிறார்கள். டெஃப்லான் டேப் சுற்றுவதோ இன்னும் இறுக்குவதோ தீர்வு இல்லை. வெர்னியரும் பிட்ச் கேஜும் வைத்து அளந்து, ஒரு முனை யு.என்.எஃப்., மறுமுனை எம்10 என்று ஹோஸ் செய்து வாங்குங்கள். பைப் முனையில் விரித்திருக்கும் வாயும் (ஃபிளேர்) எதிரில் உட்காரும் இடமும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கடையில் கிடைக்கும் செம்புக் குழாய் பிரேக்குக்கு ஆகாது.

நட்டு மரையில் சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து வண்டியை ஓட்ட வேண்டாம், ஷெட்டுக்கு டோ வண்டியிலேயே கொண்டு போங்கள். வேலை முடிந்ததும் மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, ஆர்.டி.ஓ.விலும் கேட்டுவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது, பில்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.